ஓசூரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை

கை வரவில்லை. போன வழியாகத்தானே வர வேண்டும், போகும்போது சுளுவாகப் போன கைக்கு வரும்போது மட்டும் என்ன கேடு என்று தெய்வேந்திரன் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. பின்கட்டுக் குளியலறையின் ஈரத் தரையில், மடித்துக் கட்டிய கைலியும் பனியனுமாக, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துக் குப்புறக் கிடந்தான். மூலையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடும் ஜாலித் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். ஜாலிக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தையும் எடுத்தாயிற்று. அதற்கும் கீழே குழாய் ஒரு வளைவு வளைந்து, சுவரைத் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போகிறது. அந்த வளைவுக்குள் வலது கையை முழங்கைக்கு மேல் வரைக்கும் விட்டுத் துழாவியதில் ஏதோ கொத்தாக அகப்பட்டது. பிடித்து இழுத்தான். இழுத்ததும் மோதிர விரலில் சுருக்கென்றது. குழாயின் விளிம்பு எப்போதோ உடைந்திருக்கிறது. பல் போல நீட்டிக்கொண்டிருந்த உடைசல் ஒன்று மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஏறிக்கொண்டது. உள்ளே தள்ளினால் வளைவு இடிக்கிறது. வெளியே இழுத்தால் பல் கடிக்கிறது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டிருக்க வேண்டும், டிப்ளமோவில் பட்டறைக்குள் நுழைந்த அன்றைக்கு முதல் பாடமே அதுதான், கையில் கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் இது மச்சினன் போட்ட மோதிரம். மணவறையில் வசந்த், அப்போது மீசைகூட முளைக்கவில்லை, காலைக் கழுவிவிட்டு வெட்கத்தோடு விரலைப் பிடித்துப் போட்டுவிட்டது. ஒரு நாள் மோட்டாரைப் பிரிக்கும்போது இதைக் கழற்றி ஜன்னலில் வைத்ததற்கு மாமியார் அரை நாள் சாப்பிடவில்லை. "மச்சினன் போட்ட மோதிரத்தக் கழட்டக் கூடாது மாப்ள, பொண்ணுக்கு ஆகாது" என்றாள். அதற்கப்புறம் கழற்றவில்லை. இப்போது கழற்ற நினைத்தாலும் வராது, இந்த வீட்டுச் சாப்பாட்டில் விரல் பெருத்துவிட்டது.

கூப்பிடலாம். கதவு தாழ் போடவில்லை, சாத்தித்தான் இருக்கிறது. ஒரு குரல் கொடுத்தால் அடுப்படியில் இருப்பவர்களுக்குக் கேட்கும். கேட்டால் ஓடி வருவார்கள், மாமியார், அவளுடைய தங்கை, பெண்டாட்டி மாரீஸ்வரி, பிறகு கூடத்திலிருந்து மாமனார், வசந்த், எல்லாரும் வந்து வாசலில் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றால் இன்றைக்குப் பார்த்துத்தானா. அருப்புக்கோட்டையிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். வசந்துக்குப் பேசியிருக்கும் பெண். வீடு பார்த்துப் பிடித்துப்போனால் அடுத்து நிச்சயம். தரகர் போன வாரமே மாமனார் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் விசாரித்தார்களாம். விசாரித்தது யாரை என்று எல்லாருக்கும் தெரியும். மகளையும் மருமகனையும் வீட்டோடு வைத்திருக்கும் இடத்தில் எந்தத் தகப்பன் பெண்ணைக் கொடுக்க யோசிக்க மாட்டான். நேற்று ராத்திரி இலையில் ரசம் விடும் நேரத்தில் மாமனார் தனுஷ்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பாத்திரக் கடையில் வாடிக்கையாளரிடம் விலையைச் சொல்வது போல நயமாகச் சொன்னார். "மாப்பிள்ளை ஓசூர்லருந்து லீவுக்கு வந்துருக்கார்னு சொல்லிக்கிருவோம். நாளைக்குக் கிளம்புறாருன்னு சொல்லிட்டா அவுகளும் ஒண்ணும் கேக்க மாட்டாக. என்ன மாப்ள?" இவன் தலையை ஆட்டினான். வாயில் சோறு இருந்தது, அது ஒரு வசதி. ரசம் விட்டுக்கொண்டிருந்தது மாரீஸ்வரி. அவள் கை நிற்கவில்லை. விட்ட ரசம் விட்டபடி அளவாக விழுந்தது. அதுதான் வலித்தது, மாமனார் சொன்னதைவிட. கட்டிய பெண்டாட்டியின் கரண்டி ஒரு தரம் தடுமாறியிருந்தால்கூட அவனுக்குப் போதுமாயிருந்திருக்கும்.

விடியற்காலையில் மாடி அறையிலிருந்து துணிகளை மூட்டை கட்டி, பெட்டியில் அடைத்து, கடைச் சரக்கு போட்டு வைக்கும் அறையில் குக்கர் அட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தவனும் இவன்தான். மாடி அறை வசந்துக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் என்று காட்டப்போகிறார்கள். அது சரி, காட்டத்தானே வேண்டும், வேறு அறை ஏது. காட்டிய பிறகு மூட்டை மறுபடி மாடிக்கு ஏறுமா, ஏறி, கல்யாணத்தன்றைக்கு மறுபடி இறங்குமா, இறங்கி எங்கே போகும் என்பதை யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் மாமா என்று ஆரம்பிக்க வேண்டும். இந்த வீட்டில் யாரையும் எதைச் சொல்லியும் அவன் கூப்பிட்டதில்லை. அருகில் போய் நின்று, அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து, பார்த்ததும் பேசுவான். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. கூப்பிடாமலே ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் இருந்துவிடலாம் என்பது இவன் கண்டுபிடித்த விஷயம். இப்போது பார், குரல் கொடுக்க வேண்டிய நேரத்தில் தொண்டை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இவனையே கேட்கிறது. மாமா என்றா, அத்தை என்றா. வாளியைத் தள்ளிச் சத்தம் உண்டாக்கலாம் என்று இடது கையை நீட்டினான். எட்டவில்லை.

எல்லாம் ஒரு குளுக்கில் ஆரம்பித்தது. காலையில் அடுப்படித் தொட்டியில் யாரோ கஞ்சியை வடித்து ஊற்ற, இங்கே பின்கட்டுத் தரையில் ஓட்டை குளுக் குளுக்கென்று இரண்டு முழுங்கு முழுங்கி, பிறகு ஒரு ஏப்பம் விட்டது. அந்தச் சத்தம் மற்றவர்களுக்குச் சத்தம். இவனுக்கு அது பேச்சு. ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு அங்கேயே இருக்கிறது, ஜாலியைக் கழற்றி எடுத்துவிடலாம். வீடு முழுக்க நின்றால் வெளியே தொட்டியில் அடைப்பு, ஆள் கூப்பிட வேண்டும். ஓரிடத்தில் ஊற்றினால் இன்னோரிடத்தில் குளுக்கென்றால் இரண்டும் சேருகிற நடுவில் ஏதோ உட்கார்ந்திருக்கிறது, காற்று போக வழியில்லாமல் இந்தப் பக்கமாக மூச்சு விடுகிறது. முன்பக்கக் குளியலறையில் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தான், சத்தமில்லாமல் போயிற்று. ஆக அடுப்படிக் குழாயும் பின்கட்டும் சேருகிற இந்த வளைவில்தான். என்ன அடைப்பு என்பதும் தெரியும். வருகிறவர்களுக்குப் பரிமாற மாமனார் கடையிலிருந்து புதுத் தட்டு, புது டம்ளர் என்று ஒரு சாக்கு கொண்டுவந்து இறக்கியிருந்தார். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மாமியாரும் அவள் தங்கையும் இங்கே உட்கார்ந்து வெந்நீரில் ஊறப்போட்டு உரித்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் இதுதான். பசையுள்ள தாள், தண்ணீரில் கரையாது, போகிற வழியில் ஒட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், சீயக்காய், முடி, கஞ்சி. உரித்ததைக் குப்பையில் போடுங்கள் என்று ஒரு தரம் சொன்னான். "நாங்க அந்தக் காலத்துலருந்து இப்படித்தான் கழுவுறோம்" என்றாள் மாமியார். அவள் பேரில் தப்பில்லை, அந்தக் காலத்தில் ஸ்டிக்கர் இல்லை என்று அவளுக்கு யார் சொல்வது. யாரும் இன்றைக்கு இவனை அடைப்பு எடுக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நீங்க உள்ள இருங்க மாப்ள, கூப்புடுறப்ப வந்தாப் போதும்" என்றுதான் சொன்னார்கள். உள்ளே என்றால் எங்கே. மாடி அறை இல்லை. சரக்கு அறையில் குக்கர்களோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் மனுஷன் ஒளிந்திருப்பதாகத் தெரியாது, அவனுக்கே தெரியாது. அதனால் புதுச் சட்டையையும் வேட்டியையும் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு இந்த ஓட்டையைத் தேடி வந்தான்.

வெந்நீர் வந்தது. முழங்கைக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ ஏறியதும் தெய்வேந்திரன் நடுங்கிப்போனான். ஆசிட். மாமியாருக்கு அடைப்பென்றால் ஆசிட். தண்ணீர் நின்றால் போதும், மூடியைத் திருகி ஊற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிடுவாள். ஊற்றாதீர்கள், குழாய்தான் ஓட்டையாகும், முடியும் தாளும் அதற்குக் கேட்காது, வெந்நீரும் சோடா உப்பும் எண்ணெய்ப் பிசுக்குக்குக் கேட்கும், மற்றதையெல்லாம் கையை விட்டு எடுக்கத்தான் வேண்டும் என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. போன மாதம் அந்தப் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்தான். எங்கே ஒளித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலா, மாடிப்படிக்குக் கீழேயா. தொட்டிக்குப் பின்னால்தான். இல்லை, அங்கே பெயிண்ட் டப்பா இருக்கிறது. படிக்குக் கீழே என்றால் நேற்று மாமியார் அங்கே கோலப்பொடி தேடினாள். அடுப்படித் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, வருகிறவர்கள் வரப்போகிறார்கள், அவள் என்ன செய்வாள். ஊற்றுவாள். அங்கே ஊற்றினால் நேரே இங்கே, வளைவில், இந்தக் கையில். கையைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். பல் இன்னும் ஆழமாகக் கடித்தது. எரிகிறதா என்று கவனித்தான். எரியவில்லை. வெதுவெதுப்புத்தான். மேலே மிதந்து வந்த பருக்கையைப் பார்த்ததும் மூச்சு வந்தது, அரிசி கழுவிய பானை. அடுத்து மஞ்சளாகப் பிசுபிசுவென்று வந்தது, நெய் மணத்தது, கேசரிச் சட்டி. சட்டியைக் கழுவுகிறார்கள் என்றால் கேசரி தட்டுக்குப் போயாயிற்று. தட்டுக்குப் போயாயிற்று என்றால் அவர்கள் வந்தாயிற்று. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. வாங்க வாங்க என்று மாமனாரின் குரல், கடையில் பெரிய சீர்வரிசைக் கிராக்கி வந்தால் எழும்புமே, அந்தக் குரல். தண்ணீர் ஓட்டையின் விளிம்பைத் தாண்டித் தரையில் பரவ ஆரம்பித்தது, கேசரியும் கஞ்சியுமாக அவன் காதோரம் வந்து நின்றது. ஒரு காதில் சாக்கடை, ஒரு காதில் கூடம். "இவரு நம்ம பெரிய மாப்பிள்ளைங்களா?" என்று யாரோ வசந்தின் சிநேகிதனைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். "இல்லைல்ல, மாப்பிள்ளை உள்ள இருக்காரு. ஓசூர்ல கம்பெனி. லீவுக்கு வந்துருக்காரு. வருவாரு" என்றார் மாமனார். எவ்வளவு அழகாகச் சொல்கிறார். தெய்வேந்திரனுக்கே அந்த ஓசூர்க்காரனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஓசூரில் இருந்தது நிஜம். மலைக்காற்று, கம்பெனி பஸ், காலையில் பனியில் வரிசையாக நிற்கும் ஆட்கள், ஒற்றை அறையும் ஒரு அடுப்பும். அங்கே மாரீஸ்வரியை மாரி என்று சத்தமாகக் கூப்பிடுவான், தெரு முனையிலிருந்தே கூப்பிடுவான், அவள் ஜன்னலில் வந்து நிற்பாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஏய் என்றுகூடக் கூப்பிட்டதில்லை. கம்பெனியை மூடினார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று வந்தார்கள், இரண்டு மாசம் என்று வந்தது, இதோ ஆறு தீபாவளி கழிந்துவிட்டது. யாரும் போ என்று சொல்லவில்லை. அதுதான் இக்கட்டு. ஒரு தரமாவது முகத்தைச் சுளித்திருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். சாப்பிட வாங்க மாப்ள, கடைக்குப் போவமா மாப்ள, அந்த ஃபேன் என்னமோ சத்தம் போடுது மாப்ள. எல்லாம் மரியாதைதான். மரியாதையை மிதித்துக்கொண்டு எப்படி வெளியே போவது. பிள்ளையும் இல்லை, பள்ளிக்கூடம் என்றொரு சாக்கும் இல்லை. மோட்டார் பார்த்தான், ஃபியூஸ் போட்டான், குழாய் வாஷர் மாற்றினான், அடைப்பு எடுத்தான். ஒரு நாள் ஊரிலிருந்து திரும்பிய மாமியார் வீடு ஏன் இப்படி நாறுகிறது என்றாள். இந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அது நிற்பதால்தான் சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறாமல் இருக்கிறது, ஆள் இல்லாமல் அது காய்ந்துவிட்டது, ஒரு வாளி ஊற்றினால் சரியாகும் என்றான். ஊற்றினாள், சரியாயிற்று. போகவும் விடாமல் வற்றவும் விடாமல் நிறுத்தி வைத்த தண்ணீர். தன்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு இப்போது தோன்றியது. தோன்றியதும் கோபம் வரவில்லை, அழுகை வரும் போலிருந்தது. கேசரித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதால் அது வேறு அசிங்கம் என்று அடக்கிக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. கதவுக் கொக்கியில் தொங்கிய புதுச் சட்டையின் பையில் கிடந்து சட்டையே நடுங்க அடித்தது. லூர்து. வேறு யாரும் ஞாயிற்றுக்கிழமை அடிக்க மாட்டார்கள். ஓசூரில் கூட வேலை பார்த்தவன், இப்போது அங்கேயே பம்பு செட் ரிப்பேருக்குச் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறான். நீ வந்தால் உனக்கு ஒரு பக்கம் எனக்கு ஒரு பக்கம், மேலே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு மாதமாகிறது. வருகிறேன் என்று இவன் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் பதில் வராவிட்டால் நான் வேறு ஆளைப் பார்க்கணும்டா, கோவிச்சுக்காத என்று போன வாரம் லூர்து சொல்லிவிட்டான். மாரீஸ்வரியிடம் இவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. தெரியாது என்பதுகூடப் பொய், அவள் அம்மா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். சொல்லாத வரைக்கும் அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை அல்லவா. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்துக்குக் கேட்கும். கேட்டு யாராவது வருவார்கள். வரட்டும். வேண்டாம். எடுக்க முடிந்தால் இப்போதே சொல்லிவிடுவான், வருகிறேன்டா லூர்து என்று, நிச்சயமாகச் சொல்லிவிடுவான், கை மட்டும் வெளியே இருந்திருந்தால். அப்படி நினைத்தவனுக்கு உடனே சிரிப்பும் வந்தது. ஒரு மாதமாகக் கை வெளியேதானே இருந்தது. போன் நின்றது. நின்றதும் வீடே அமைதியாகிவிட்டது போலிருந்தது. விரல் வீங்கித் துடித்தது. பழுப்பாக ஒரு தண்ணீர் வந்தது, காபி வண்டல். டம்ளர்கள் கழுவுகிறார்கள். அடுத்து மாடி அறையைப் பார்ப்பார்கள், அதற்கடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஆசிட் பாட்டில் எங்கே.

கதவு திறந்தது. நல்ல வேளை, மாரீஸ்வரி. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கொத்தாகப் பூவோடு நின்றாள். ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை.

"என்னங்க இது?"

"கை மாட்டிக்கிருச்சு. மோதிரம்."

"எம்புட்டு நேரமா?"

"அவுக வர்றதுக்கு முன்னாடியே."

"ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதான." அவள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. "அடுப்படியில தண்ணி இறங்கலன்னு அம்மா ஆசிட் பாட்டிலத் தேடிக்கிட்டு இருந்தாக. நீங்க இங்கிட்டுத்தான் இருப்பீகன்னு எனக்கு ஒரு நெனப்பு. எங்கிட்டு இருக்குன்னு தெரியாதுன்னுட்டேன். அது என் பீரோவுக்கு அடியில கெடக்கு."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஒளித்தது தான் இல்லை, ஒளித்து வை என்று அவளிடம் கொடுத்ததோடு சரி. ஏதோ சொல்ல வாயெடுத்தான். போன் மறுபடி அடித்தது.

"எடுக்காத" என்றான்.

"கூடத்துக்குக் கேக்குது." அவள் எழுந்து சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பெயரைப் பார்த்தாள். "லூர்தண்ணனா? நான் மாரி பேசுறேன். நல்லா இருக்கோம்ணே." பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓசூரிலிருந்து ஒரு குரல் சின்னதாக, எறும்பு பேசுவது போலக் கேட்டது. தெய்வேந்திரன் தரையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றான், புடவைக் கரைதான் தெரிந்தது, நனைந்த கரை. அது அசையவில்லை. நேற்று ரசக் கரண்டி அசையாதது போலவே. "சரிண்ணே. இன்னைக்கே சொல்லச் சொல்றேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

"எப்பருந்து?" என்றாள்.

"ஒரு மாசமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வரலைன்னு சொல்லிட்டா."

அவள் போனை மறுபடி சட்டைப் பையில் போட்டாள். வெளியே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தான். அவ்வளவுதான், இனி மாமியார் வருவாள், எல்லாரும் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவள் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தாள். முழங்கையிலிருந்து எண்ணெயை ஊற்றினாள், தன் கையையும் ஓட்டைக்குள் அவன் கையோடு சேர்த்து விட்டாள், விரலைத் தேடிப் பிடித்தாள். சாக்கடைக்குள் இரண்டு கைகளும் எதுவும் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தன.

"மோதிரத்த இழுக்காதீக. விரல மட்டும் உருவுங்க."

"அது உள்ள விழுந்துரும்."

"விழட்டும்."

"அத்தை என்ன சொல்லுவாக. பொண்ணுக்கு ஆகாதும்பாக."

"நான்தான பொண்ணு" என்றாள் மாரீஸ்வரி. "எனக்கு இதுவரைக்கும் என்ன ஆயிருச்சு? நேத்து ராத்திரி ரசம் ஊத்திக்கிட்டு இருந்தேன், அம்புட்டுத்தான். நீங்க தலைய ஆட்டுனீக. நான் என்னத்தச் சொல்ல?"

அவன் விரலை மடக்கி உருவினான். எலும்பில் தோல் உரிந்தது. மோதிரம் ஒரு கணம் முட்டியில் நின்றது, பிறகு நழுவியது. கை வெளியே வந்தது. பிடித்ததை விடாமல் கொத்தோடு வந்தது, கறுப்பு முடியும் சீயக்காயும் அதற்குள் பளபளவென்று ஸ்டிக்கர்களுமாக. ஓட்டை ஒரு பெரிய மூச்சு விட்டது. நின்ற தண்ணீரெல்லாம் சுழன்று இறங்கியது. அந்தச் சத்தத்தை இருவரும் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். அவள் வாளியிலிருந்து மொண்டு அவன் கையில் ஊற்றினாள், சோப்புப் போட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் சட்டையைப் போட்டு, கைலியை அவிழ்த்து வேட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனான். அவள் வருவாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது, கேட்கத்தான் இல்லை. வலது கையைச் சட்டைப் பக்கம் மறைத்துக்கொண்டான்.

கூடத்தில் எல்லாரும் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள். வணக்கம் சொன்னான். பெண்ணின் தகப்பனார் பெரிய மீசைக்காரர், நாற்காலியை நகர்த்தி இவனுக்கு இடம் விட்டார். "வாங்க மாப்ள. ஓசூர்ல குளிரு எப்படி?" என்றார். "இப்பக் கொஞ்சம் கம்மிதான்" என்றான். மாமனார் முகத்தில் ஒரு நிறைவு. "எப்பக் கிளம்புறீக?" என்று மீசைக்காரர் கேட்டார். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நேற்றே சொல்லிக் கொடுத்தாயிற்று, நாளைக்கு என்று சொல்ல வேண்டும், சொன்னால் முடிந்துவிடும், அவர்கள் போனதும் மூட்டை மாடிக்கு ஏறும், லூர்து வேறு ஆளைப் பார்ப்பான். ஒரு சொல்தான். பொய்யாகச் சொன்னாலும் அதே சொல்தான், மெய்யாகச் சொன்னாலும் அதே சொல்தான். அவன் மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்குக் காலையில பஸ்ஸு மாமா" என்றான். கேட்டவருக்கு இல்லாமல் இவருக்கு ஏன் பதில் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. மாமா என்ற சொல் வாயில் புதிதாக இருந்தது. தனுஷ்கோடி சொல்லிக் கொடுத்ததற்கு மேலேயே மருமகன் நடிக்கிறான் என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். "ஆமா ஆமா, லீவு இல்லைல்ல" என்றார்.

பெண்ணின் தாயார் அடுப்படி வாசலில் நின்ற மாரீஸ்வரியைப் பார்த்தாள். "நீயும் நாளைக்கேவா தாயி? அம்மா வீட்டுல நாலு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?"

தெய்வேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வேறு எதையும் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"இருந்தது போதும் அத்தை" என்றாள் மாரீஸ்வரி. "துணியெல்லாம் மூட்டை கட்டியே இருக்கு. பஸ்ல ஏத்த வேண்டியதுதான்."

மாமனார் சிரித்தார். மீசைக்காரரும் சிரித்தார். வசந்த் எழுந்து மச்சானுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தான். தெய்வேந்திரன் மறந்துபோய் வலது கையை நீட்டி வாங்கினான். சிரித்துக்கொண்டிருந்த மாமியார் மட்டும் அந்த விரலைப் பார்த்தாள். வெளுத்து, தோல் உரிந்து, ஒன்றும் இல்லாமல் இருந்த விரல். பிறகு மகளைப் பார்த்தாள். நனைந்த புடவையோடு அவள் அங்கேயே நின்றிருந்தாள். மாமியாரின் கையில் கேசரித் தட்டு இருந்தது. அதை யாரிடம் நீட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.